இசக்கிபாண்டியின் செம்மண் சுவர்

ஒரகடம் பக்கம் கார் செய்கிற ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பின் கடைசியில், வெள்ளை வெளேரென்று விளக்கெரியும் ஒரு கூண்டு இருக்கிறது. ஒன்பது வருஷமாக இசக்கிபாண்டி அந்தக் கூண்டில் நின்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குத்தான் சம்பளம். ஒரு கார் வந்து நிற்கும். கையுறை போட்ட கையால் அதன் கதவைத் தடவுவான், மூக்கு இடிக்கிற தூரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பான். கடுகில் பாதி அளவுக்கு ஒரு தூசி, ஊசி முனை அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தாலும் மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுவான். அவன் வட்டம் போட்ட இடத்தில் ஏதாவது இருந்தே தீரும் என்று சூப்பர்வைசர்களுக்கு நம்பிக்கை. ஆனால் இன்றைக்கு எந்த மாடல் கார் போயிற்று என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். அவ்வளவு தள்ளி நின்று பார்க்க அவனுக்கு நேரம் ஏது?

ஷிஃப்ட் முடிந்தால் கையுறையைக் கழற்றி வைக்கலாம், தொப்பியைக் கழற்றி வைக்கலாம். கண்ணை எங்கே கழற்றி வைப்பது? ஆகவே ஆலைக்கு வெளியிலும் அவன் இந்தச் சேவையை இலவசமாகச் செய்துவந்தான். டீக்கடைத் தம்ளரில் கீறல், கண்டக்டரின் சட்டைப் பித்தானில் நூல் பிசிறு, நண்பனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில் அதன் இரண்டு காதுக்கும் நடுவே நிற வித்தியாசம். குழந்தையின் தகப்பன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

போன ஆவணியில் அம்பாசமுத்திரத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் செல்வலட்சுமி, அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், கலகலப்பான பேச்சுக்காரி. முகூர்த்த நேரத்தில் தாலியைக் கையில் வாங்கினவன் கட்டவில்லை. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். “இதுல ஒரு கீறல் கெடக்கு” என்றான். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரக்காரர் கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு எத்தனை நேரம்தான் இருப்பார்? பெண்ணின் மாமா ஒருவர் பின்னாலிருந்து பிடரியில் ஒரு தட்டுத் தட்டின பிறகே கட்டினான். மறுநாள் அவள் கொண்டுவந்த காபியில் நுரை ஒரே சீராக இல்லை என்றான். மூன்றாம் நாள், அவளுடைய இடது புருவத்தில் வலதைவிட நாலைந்து முடி குறைவு என்றான். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. பார்த்தான், சொன்னான். பாவி, கூடவே அந்தப் புருவம் எத்தனை அழகு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தப்பித்திருப்பான்.

விடுப்பு முடிந்து அவன் மட்டும் ஆலைக்குப் பக்கத்து வல்லத்துக்குத் திரும்பினான். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்தான். பெண்டாட்டியை எங்கே கூட்டிவருவது? “நல்ல வீடாப் பாருங்க, வாரேன்” என்று அவள் தாய்வீட்டில் தங்கிக்கொண்டாள். அவனும் வீடு வீடாய்ப் பார்த்துப் படம் அனுப்பினான். ஒன்றில் வெளிச்சம் போதாது என்றாள், ஒன்றில் நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். நாலு மாதம் இப்படி ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்பாசமுத்திரத்தில் ஆளாளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள்.

மார்கழியில் ஒருநாள் அவளே போன் செய்தாள்.

“தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வாரேன். காலேல வந்து சாயந்திரம் ஏழரை பஸ்ஸுக்குத் திரும்பிருதேன். போவ வர டிக்கெட்டு போட்டாச்சு. வீடு சரிப்பட்டுச்சுன்னா திரும்புத டிக்கெட்ட ரத்து பண்ணிருதேன். இல்லன்னா இனிமே என்ன கேக்காதிய.”

அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் தெரியவில்லை. ஒரு வீட்டைப் பார்த்து அவள் சம்மதிக்க வேண்டும். அந்த ஒரு வீட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அவன் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

வல்லக்கோட்டைக்குப் போகிற சாலையோரத்தில் முனிரத்தினத்தின் கட்டடம் இருக்கிறது. முனிரத்தினத்தின் அப்பா அரிசி ஆலை வைத்திருந்தவர். மெட்ராஸில் புதிதாக எழும்பின அடுக்குவீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு, 1959-ல், நாலு பக்கமும் நெல்வயல் சூழ, அதே மாதிரி ஒன்றைக் கட்டினார். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. முனையில்லாமல் வளைந்து போகிற வராந்தா, சூரியக்கதிர் போட்ட கம்பிக் கதவு, பச்சையும் வெள்ளையும் சிதறின மொசைக் தரை, சுவரோடு சேர்த்துச் செய்த தேக்கு அலமாரி. இப்போது வயல் போய்ச் சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டன. கட்டடம் மட்டும், ஊர் மாறி இறங்கிவிட்ட பயணியைப் போல அங்கேயே நிற்கிறது. அதில் கீழ்வீடு ஒன்று காலியாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, உள்ளே முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் நீலம்.

“இன்னா கலர் வோணா அடிச்சிக்கோபா” என்றார் மாடியில் குடியிருக்கும் முனிரத்தினம். “எங்க நைனா போனதுக்கு அப்பால எவனும் இந்த வூட்ட கண்டுக்கவே இல்ல.”

என்ன நிறம் என்பதற்கு இசக்கிபாண்டி போனில் ஒரு வீடியோவில் விடை கண்டுபிடித்தான். எந்த தேசத்து அம்மாளோ, மடியில் பூனையை வைத்துக்கொண்டு, இதே மாதிரி ஒரு பழைய சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினாள். மண், வைக்கோல், விதை, உலர்ந்த இலை என்று இயற்கையிடமிருந்தே நிறங்களை எடுங்கள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தால் சின்ன வீடும் அணைத்துக்கொள்ளும். உள்ளே வந்தவர்களுக்குத் திரும்பிப் போக மனசே வராது. கடைசி வரியைப் படத்தின் கீழே ஓடின தமிழ் எழுத்தில் படித்ததும் இசக்கிபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழரை மணி பஸ்ஸுக்கு மருந்து கிடைத்துவிட்டது.

அடுத்த வார விடுமுறையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இயற்கையைத் தேடிக் கிளம்பினான். இந்தப் பக்கத்தில் அது கம்பெனி மதில்களுக்கு நடுவில் அங்கங்கே மிச்சமிருக்கிறது. பிள்ளைப்பாக்கத்தில் மனை போட்டுக் கல் நட்ட ஒரு வயலில் இருந்து ஒரு பிடி வைக்கோல். வல்லம் வடகாலில் சாலை போடக் கொட்டியிருந்த செம்மண் ஒரு பொட்டலம். புளியமரத்தடியில் நாலு புளியங்கொட்டை. ஒரு கம்பெனி வேலியோரம் ஆவாரம்பூ பறித்தபோது செக்யூரிட்டி வந்து எதற்கு என்று கேட்டார்.

“சமையலறைக்கு” என்றான்.

“சர்க்கரையா?” என்று செக்யூரிட்டி அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, அவரும் கொஞ்சம் பறித்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, ஸ்ரீபெரும்புதூரில் பலராமன் நடத்துகிற பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோனான். எந்தப் பொருளைக் காட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுக்கிற இயந்திரம் அங்கே உண்டு. பொங்கல் நெருங்குகிற நேரம். கடையில் நிற்க இடமில்லை. பலராமன் தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“இன்னாபா, பொண்ணு பாக்க வந்தியா?”

“அண்ணாச்சி, இந்த நாலு கலர் வேணும்.”

“புளியங்கொட்டைய எட்த்தாந்து கலர் கேக்குற மொத ஆளு நீதான்பா. ஐவரி அடிச்சிட்டுப் போயேன், ஊரே அத்தான் அடிக்குது.”

இசக்கிபாண்டி அசையவில்லை. பலராமன் தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தார். வைக்கோலுக்கு ஒரு மஞ்சள் வந்தது. இசக்கிபாண்டி கலந்த பெயிண்டில் வைக்கோலை வைத்துப் பார்த்து, ஒரு பச்சைச் சாயல் கூடுதலாக இருக்கிறது என்றான். திரும்பக் கலந்தார். ஒரு சொட்டுச் சிவப்பு அதிகம் என்றான். திரும்பக் கலந்தார். ஐந்தாம் தடவை பலராமன் கடைக்கதவைக் காட்டி, “நாலு டப்பாவையும் தூக்கிகினு ஓடிடு” என்றார். நிறம் என்னவோ அச்சு அசல் வைக்கோலாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு மாதம், ஷிஃப்ட் முடிந்து மிச்ச நேரமெல்லாம் அவனே பூசினான். பெயிண்டரை வைத்தால் தூசி விழும். கூடத்துக்கு வைக்கோல், படுக்கையறைக்குப் புளியங்கொட்டை, சமையலறைக்கு ஆவாரம்பூ. ஆலையில் செய்கிற மாதிரி தேய்த்தான், துடைத்தான், விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினான், வட்டம் போட்டான், மறுபடி தேய்த்தான். முனிரத்தினம் ஒருநாள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி, தூசியை ஒற்றி எடுக்கிற பசை உருளையை அவருடைய தொப்பையில் மேலிருந்து கீழாக உருட்டினான். முதுகிலும் உருட்டினான். நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டு வரச் சொன்னான்.

“என் வூட்டுக்குள்ள போறதுக்கு எனுக்கே சோதனையா?” என்று கேட்டாரே தவிர, அந்த உருட்டல் அவருக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். மறுநாளும் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மிச்சமிருந்தது வராந்தாவை ஒட்டிச் சாலையைப் பார்த்த வெளிச்சுவர். அதற்குச் செம்மண். சனிக்கிழமை மாலை, விடிந்தால் செல்வலட்சுமி வருகிறாள் என்கிற நிலையில், முதல் பூச்சு காய்ந்திருந்தது. இரண்டாவது பூச்சை ஒரேயடியாகப் பூசினால் ஈரமும் ஈரமும் சேருகிற ஓரத்தில் கோடு விழும். அதற்கு ஆலையில் ஒரு வழி இருக்கிறது. சுவரை ஓரடி ஓரடியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும். திறந்திருக்கிற பட்டைகளை இன்றைக்குப் பூசி, அவை காய்ந்ததும் காகிதத்தை மாற்றி மிச்சத்தை நாளைக்குப் பூச வேண்டும். அந்தப்படியே மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி காகிதம் ஒட்டி, செம்மண்ணைப் பூசினான். ஒரு சாண் தூரத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தான். ஒரு தூசி இல்லை. சாலைக்கு இறங்கி, நாலடி தள்ளி நின்று, தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலை இருட்டோடு கிளம்பி, சாவியை முனிரத்தினத்திடம் கொடுத்தான். “பெயிண்டு வாட போவணும், கதவு ஜன்னலெல்லாம் தொறந்தே கெடக்கட்டும். ஆனா ஒரு ஈ உள்ள போவப்படாது பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனான்.

செல்வலட்சுமி ஒரு தோள்பையோடு இறங்கினாள். வேறு பெட்டி இல்லை. அதைக் கவனித்ததும் அவனுக்குப் பாதி உயிர் போயிற்று. அவளுடைய சேலை முந்தானையில் ஒரு இழை பிரிந்திருந்தது, அதையும் கவனித்தான். ஒரகடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாயைத் திறந்தான். “இழை ஒண்ணு...” என்றதும் அவள் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் மஞ்சள் உடுத்த கூட்டம், காவடியும் பால்குடமுமாக நடந்துகொண்டிருந்தது. தை கிருத்திகை. வல்லக்கோட்டை முருகனுக்கு விசேஷம். ஒரு மாதமாகச் சுவரைத் தவிர வேறு எதையும் பார்க்காத இசக்கிபாண்டிக்கு நாள் கிழமை தெரிந்தால்தானே.

வீடு வந்தது. ஆட்டோக்காரர் நிறுத்தினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இசக்கிபாண்டி அப்போதுதான் பார்த்தான். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. வளைந்த வராந்தா முழுக்கக் காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை போட்டு, தமிழ்நாட்டில் எந்தக் குழந்தை பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது அவன் வீடு. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இவன் குடித்தனம் வைக்கப் போய்க் கோயிலாகிவிட்டது.

வராந்தாவில் முப்பது நாற்பது ஜோடி செருப்பு. ஏணிக்குச் சாமந்தி மாலை. பெயிண்ட் உருளை மாட்டின நீளக்கம்பை மூலையில் சாத்தி வைத்திருந்தான். அதை வேல் என்று நினைத்து யாரோ மஞ்சள் துணி கட்டி எலுமிச்சம்பழமும் குத்தியிருந்தார்கள். நிறம் பார்க்க வைத்த தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அதிலிருந்த செம்மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கிழவர் புளியங்கொட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்துகொண்டார்.

முனிரத்தினம் குடத்தோடு எதிரே வந்தார், அசட்டுச் சிரிப்பு.

“இன்னா பண்ண சொல்ற? மேல குளிச்சிகினு இருந்தேன்பா. வந்து பாத்தா குந்திகினு கீறாங்கோ. முருகன் பக்தங்கள எய்ந்து போன்னு சொல்ல நாக்கு வருமா? தண்ணி குட்த்துகினு கீறேன்.”

உள்ளேயிருந்து பருத்த ஒரு பெண்மணியின் குரல் வந்தது. திருவள்ளூர் பக்கத்திலிருந்து நடந்து வரும் கூட்டத்துக்குத் தலைவி, சின்னப் பேத்தியோடு வந்த தாயாரம்மாள். வாசலில் நின்ற செல்வலட்சுமியைப் பார்த்துக் கையாட்டினாள்.

“வாம்மா வா, எடம் கீது. எந்த மவராசன் கட்டின மண்டபமோ, உள்ள வந்தா எய்ந்து போவவே மனசு வர்ல.” பிறகு இசக்கிபாண்டியைப் பார்த்து, “ஏம்பா, செருப்ப வெளில வுடு. சாமி எடத்துல இன்னா இது?” என்றாள்.

தன் வீட்டு வாசலில் இசக்கிபாண்டி செருப்பைக் கழற்றினான்.

கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். சனங்கள் நாலு சுவரையும் ஒட்டிக் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்திருந்தார்கள். வைக்கோல் நிறச் சுவரில். விடியற்காலையில் குளித்து எண்ணெய் தடவி வாரின தலைகள். பெயிண்ட் ஷாப்காரனுக்குப் பாம்பைவிட எண்ணெய்தான் பயம். ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்டில் பள்ளம் விழும் என்று இசக்கிபாண்டி ஒன்பது வருஷமாகத் தன் தலைக்கே எண்ணெய் வைத்ததில்லை. “தல! தல!” என்று கூவிக்கொண்டு ஓடினான். முதலில் இருந்த பெரியவரிடம் குனிந்து, “ஐயா, தலைய லேசா முன்னால...” என்றான்.

“தலகாணி வாணாம்பா, இப்டியே சொகமா கீது” என்று அவர் இன்னும் அழுத்திச் சாய்ந்து, இப்படியும் அப்படியுமாக ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்தவரிடம் ஓடுவதா, இவரைத் தூக்குவதா என்று இசக்கிபாண்டி இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றபோது, பின்னால் ஒரு சத்தம் கேட்டது. செல்வலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. இது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“வெல்லம் இருக்கா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“இவ்வளவு தூரம் நடந்து வந்தவங்களுக்கு வெறுந்தண்ணியா குடுப்பிய? பானகம் போடுவோம். போங்க, அந்தக் கம்புல குத்தியிருக்க எலுமிச்சம்பழத்தையும் எடுத்துட்டு வாங்க.”

அவள் இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆவாரம்பூ நிறச் சமையலறைக்குள் போனாள். வெல்லத்தை முனிரத்தினம் மாடியிலிருந்து கொண்டுவந்தார், எலுமிச்சம்பழத்தைக் கூட்டத்தில் எல்லோரும் பைக்குள் வைத்திருந்தார்கள். இசக்கிபாண்டியைப் பிழியவிட்டாள். அவன் பிழிந்த சாற்றில் ஒரு விதை விழுந்திருக்க வேண்டுமே! பால்குடம் எடுத்து வந்த ஒருத்தி, “ஆம்பள இவ்ளோ சுத்தமா பிழிஞ்சி நான் பாத்ததே இல்ல” என்றாள்.

பானகம் ஊற்றிக்கொண்டு வரும்போது தாயாரம்மாள் ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து முனகிக்கொண்டிருந்தாள். முள்ளோ கண்ணாடியோ, காலையிலிருந்து குத்துகிறது. நாலு பேர் பார்த்தாயிற்று, யார் கண்ணுக்கும் அகப்படவில்லை. இசக்கிபாண்டி நின்றான். அவனுக்குள் என்னவோ கிர்ரென்று சுழல ஆரம்பித்தது. விளக்கை எடுத்து வந்து சாய்த்துப் பிடித்தான். பாதத்துக்கும் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இரண்டே நொடி. சட்டைப் பையிலிருந்த மெழுகுப் பென்சிலை எடுத்து, குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன வட்டம் போட்டான்.

“இங்கன.”

செல்வலட்சுமி தோள்பையைத் திறந்தாள். மருந்துக் கடைக்காரி, ஊசியும் பஞ்சும் களிம்பும் இல்லாமல் வெளியூர் போவாளா? வட்டத்துக்கு நடுவே ஊசியை வைத்து ஒரு நெம்பு. கருவேல முள்ளின் முனை, மயிரிழை கனத்தில், வெளியே வந்தது.

தாயாரம்மாள் காலை ஊன்றிப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். “யப்பா, நீ நல்லா இருக்கணும், இன்னா கண்ணுப்பா உனுக்கு!” என்று அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

குறை கண்டுபிடித்ததற்கு இசக்கிபாண்டியை ஒருவர் வாழ்த்தினது அதுதான் முதல் தடவை. ஆலையில் சம்பளம் கொடுப்பார்கள், வாழ்த்த மாட்டார்கள். அவ்வளவுதான், கூடம் முழுக்கப் பாதங்கள் அவன் பக்கம் திரும்பிவிட்டன. ஒவ்வொன்றாக வந்தது. தடவினான், சாய்த்துப் பார்த்தான், வட்டம் போட்டான். கொப்புளத்துக்கு ஒரு வட்டம், முள்ளுக்கு இரண்டு வட்டம் என்று அவனாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு நகர்த்த, அவள் ஊசியும் களிம்புமாகப் பின்னால் வந்தாள். ஒரு கார் லைன் ஓடுகிற ஒழுங்கில் வேலை நடந்தது. பெரியவர் ஒருவருக்குக் காலில் ஒன்றுமில்லை. “எனுக்கும் ஒரு வட்டம் போடுப்பா” என்று கெஞ்சினார். செல்வலட்சுமி சொல்லி, அவருக்கும் சும்மா ஒன்று போட்டான். அவர் திருப்தியாகப் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

உச்சிக்கு முன்னால் எல்லோரும் அரோகரா சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். வீடு அமைதியானது.

இசக்கிபாண்டி கூடத்து நடுவில் நின்று சுவரைப் பார்த்தான். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நாலு பக்கமும், வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. எண்ணினான். நாற்பத்தொன்று. சிலதில் விபூதி ஒட்டியிருந்தது, ஒன்றில் சந்தனக் கை பதிந்திருந்தது. ஒரு மாத உழைப்பு. ஏழரை மணிக்கு பஸ்.

“மன்னிச்சுக்கோ லெச்சுமி” என்றான். “நேத்து வரைக்கும் ஒரு குறை கெடையாது. நாளைக்கு லீவு போட்டு முழுசும் தேச்சு திரும்பப் பூசிருதேன். அடுத்த மாசம் இன்னொரு வாட்டி வந்து பாரு.”

அவள் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

“நான் வீட்டுக்காவ வராம இருந்தேன்னா நெனச்சிய?”

அவன் அவளைப் பார்த்தான்.

“வீடு சரியில்லன்னு அம்மாட்ட ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். எனக்கு ஒங்க கண்ணுதான் பயம். காலேல எந்திச்சா இன்னைக்கு எம்மூஞ்சில எங்க வந்து நிக்கப் போவுதோன்னு இருக்கும். மூணு நாளு ஒங்ககூட இருந்துட்டு, ஊருல போயி கண்ணாடி முன்னால நின்னு எம்புருவத்த எண்ணிக்கிட்டு இருந்தேன். நான் என்ன காரா?”

இசக்கிபாண்டிக்கு வெட்கம் காது வரைக்கும் ஏறியது. பிடரியில் மாமா அன்றைக்கு இன்னும் நாலு தட்டுத் தட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

“இப்ப சொல்லுங்க” என்றாள் அவள். “இந்தச் சுவத்த என்ன செய்யப் போறிய?”

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். கண் முதல் கறையில் போய் நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குள் நுழைந்தது. பென்சிலைத் தொட்டது. நாற்பத்தொன்றும் அவனைக் கூப்பிட்டன. ஆலையாக இருந்தால் இந்நேரம் லைனையே நிறுத்தியிருப்பான். அதோ அந்த மூலையில் உள்ளது தலையணை வேண்டாம் என்ற பெரியவருடையது. தேய்த்த தேய்ப்பில் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக, தாழ்வாக ஒன்று, தாயாரம்மாளின் பேத்தியுடையதாக இருக்கும். சந்தனக் கை பதிந்தது எலுமிச்சை பிழிந்ததைப் புகழ்ந்தவளுடையது. யார் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கையைப் பையிலிருந்து வெறுமனே எடுத்தான்.

“கெடக்கட்டும்” என்றான்.

சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. பெரிய காரியம் அல்லவா.

செல்வலட்சுமி எழுந்தாள். யாரோ மறந்துவிட்டுப் போன தேங்காயெண்ணெய்ப் பாட்டில் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கை நிறைய ஊற்றினாள். “இப்படி வந்து உக்காருங்க” என்று அவனைச் சுவரோரம் உட்காரவைத்து, ஒன்பது வருஷமாக எண்ணெய் காணாத தலையில் இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்தாள். நெற்றியில் வழிந்தது. காதில் வழிந்தது. பிறகு தலையைப் பிடித்து வைக்கோல் நிறச் சுவரில் ஒரே அழுத்து.

நாற்பத்திரண்டு. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று.

“எங் கையெல்லாம் எண்ணெயா இருக்கு. பைக்குள்ள போன் இருக்கு, எடுத்து அந்த டிக்கெட்ட ரத்து பண்ணுங்க” என்றாள்.

இசக்கிபாண்டி சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். பெயர், தேதி, ஏழரை மணி. ரத்து செய்தான். ரத்தாகிவிட்டது என்று வந்தது. போனை மூக்கு இடிக்கிற தூரத்தில் பிடித்து அதை எழுத்தெழுத்தாக ஒரு தடவை படித்தான், மறுபடி ஒரு தடவை படித்தான். இதில் மட்டும் ஒரு குறையும் இருந்துவிடக் கூடாது.